அண்ணிக்குத் தப்புப் பாடம்

சின்னவளுக்கு ஒரு பார்சல் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. பொட்டலம் வரவில்லை, உடைந்து வந்தது, பக்கத்து வீட்டுக்காரன் வாங்கி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறான் என்று நாள் முழுக்க வசவு வரும். அத்தனைக்கும் இங்கிலீஷில் பதில் எழுத வேண்டும். அந்தப் பிரிவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: தப்பு எங்களுடையது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. முகவரி முழுமையாக இருந்திருந்தால் பொட்டலம் வந்து சேர்ந்திருக்கும். நீங்கள் முன்பே தெரிவித்திருந்தால் நாங்கள் ஏற்பாடு செய்திருப்போம். இப்படி ‘இருந்திருந்தால்’ போட்டு எழுதினால் தப்பு நடந்தது தெரியும், செய்தது யார் என்பது மட்டும் காற்றோடு போய்விடும். இதில் சின்னவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு மேலதிகாரி அவள் எழுதிய பதில்களைத்தான் மாதிரியாகக் காட்டுவார்.

ஆகவே அண்ணிக்கு யாராவது இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, அம்மா திரும்பிப் பார்த்தது சின்னவளைத்தான். அண்ணன் வெளிநாட்டில் கப்பல் பட்டறையில் வெல்டர். போய் நான்கு வருஷமாகிறது. இப்போதுதான் அவனுக்குக் குடும்பத்தோடு தங்க வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். மனைவி வருஷ முடிவுக்குள் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வீடு வரிசையில் நிற்கும் அடுத்தவனுக்குப் போய்விடும். அந்த நாட்டுக்காரர்களோ இங்கிலீஷ் பேச்சுத் தேர்வில் தேறாத மனைவியை உள்ளே விடமாட்டார்கள். அண்ணி ஒருமுறை போய் உட்கார்ந்து, கேள்வி கேட்டவரின் டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது.

இரவுச் சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்த பிறகு அதே மேஜையில்தான் பாடம். மூன்றாவது மாடி, இரண்டே அறை. அம்மா உள்ளே கட்டிலில் படுத்தபடி இரண்டு பேரும் பேசும் இங்கிலீஷுக்கு ‘உம்’ கொட்டிக்கொண்டிருப்பாள்.

“நேத்து நடந்து முடிஞ்சுபோச்சு. எப்ப நடந்ததுன்னும் சொல்லிட்டீங்க. அப்புறம் எதுக்கு அண்ணி ஹேவ்? ஐ வென்ட் யெஸ்டர்டே. அவ்வளவுதான்.”

“நாலு வருஷமா கடையில வேலை பாக்கறேன்னா?”

“அது இன்னும் முடியலையே. ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்.”

“முடிஞ்சதுக்கு ஒண்ணு, முடியாததுக்கு ஒண்ணு, முடிஞ்சும் முடியாம இழுத்துட்டு இருக்கறதுக்கு ஒண்ணு. இந்த வெள்ளைக்காரனுக்கு நேரத்தை அறுத்து அறுத்து அடுக்கறதைத் தவிர வேற பொழப்பே இல்லையா?” என்பாள் அண்ணி. சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

அண்ணிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்பவள். அந்தக் கடைக் கதைகளும் பாடத்தோடு பாடமாக வரும். கண்ணாடி போட ஆசைப்பட்டு, தெரிகிற எழுத்தையே தெரியவில்லை என்று சாதித்த பெண்பிள்ளை. வேலை போய்விடுமே என்று எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்த லாரி டிரைவர்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“தெரியாதவங்க தடுமாறுவாங்க, கண்ணைச் சுருக்குவாங்க, கழுத்தை முன்னால நீட்டுவாங்க. பொய் சொல்றவங்க கிட்ட அதெல்லாம் இருக்காது. டக்குனு சொல்லிடுவாங்க.”

சின்னவள் இதைக் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டாள். பின்னால் தன் தலையிலேயே வந்து விடியும் என்று அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை.

பாடம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அண்ணி சூட்டிகை. ஒரு தரம் திருத்தினால் இரண்டாம் தரம் அதில் விழமாட்டாள். அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை, மேலதிகாரி சின்னவளை அறைக்குள் கூப்பிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் என்றார். வேறு ஊர். பதவி உயர்வோடு மாற்றல், கீழே ஆறு பேர், ஜன்னலோரத்தில் தனி மேஜை. எத்தனை வருஷமாக அவள் வாய்விட்டுச் சொல்லாமல் வேண்டிக்கொண்டிருந்த காரியம் அது!

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் கணக்கு உதைத்தது. தானும் போய், அண்ணியும் போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பது? அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போச்சு. மூன்று மாடி இறங்கினால் ஏற முடியாது. இந்த வீட்டை விட்டு அவள் வரவும் மாட்டாள். அதாவது, வரமாட்டாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் கேட்டதில்லை.

அன்றைக்குப் பாடத்தில் உட்கார்ந்தபோது சின்னவளுக்குத் தலையில் ஒன்றும் ஏறவில்லை. அண்ணி எதையோ சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தாள். “இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம். சரியா?”

சரியில்லை. முதல் பாதியில் வுட் வரக் கூடாது, ஹேட் வர வேண்டும். சின்னவள் நாளொன்றுக்கு இருபது தரம் எழுதுகிற ‘இருந்திருந்தால்’ வரி அது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

“சரிதான்,” என்றாள்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது. உடனே திருத்தியிருக்கலாம். தூக்கக் கலக்கம் அண்ணி என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். திருத்தவில்லை.

மறுநாள் அண்ணி விடாமல் பிடித்துக்கொண்டாள். “நேத்துச் சொன்னோமே, ரெண்டு பக்கமும் வுட் வருமா?”

“வரும். ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தான் காதுக்கு நல்லா இருக்கும்,” என்றாள் சின்னவள். இலக்கணத்துக்குத் தராசு பிடித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

ஒரு பொய்யைத் தனியாக விட்டால் அது நிற்காது, முட்டுக்கொடுக்க இன்னொன்று வேண்டும். அடுத்த வாரத்தில் யெஸ்டர்டேவோடு ஹேவ் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆனது. “பேச்சுல அப்படித்தான் சொல்றாங்க அண்ணி. எழுதும்போதுதான் வேற.” நாளைக்கு மழை வந்தால் போகமாட்டேன் என்பதற்கும் இஃப் பக்கத்தில் ஒரு ‘வில்’ செருகினாள். அண்ணி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், நல்ல பிள்ளையாகத் திருப்பிச் சொன்னாள். ஒரு தடவைகூடச் சரியாகச் சொல்லித் தொலைக்கவில்லை. சொல்லிக்கொடுத்த தப்பை அப்படியே, எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

சின்னவளுக்கு இருப்புக்கொள்ளாமல் போனது அதற்குப் பிறகுதான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது. அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடிக்காமல் திரும்பி வருவாள். மாடிப்படியில் பாதி இறங்கி, எதையோ மறந்ததுபோல் ஏறி வருவாள். ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள்.

“ஏண்டி, உக்காந்தா முள்ளு குத்துதா?” என்றாள் அம்மா. “கால்ல சக்கரம் கட்டின மாதிரி சுத்திக்கிட்டே இருக்க. பாக்கற எனக்குத் தலை சுத்துது.”

“ஆபீஸ்ல வேலை அதிகம்மா.”

“அது ஆபீஸ்ல. இங்க என்ன?”

ஆபீசிலும் வேலை ஓடவில்லை. ஒரு நாள் மேலதிகாரி அவள் அனுப்பிய கடிதம் ஒன்றைத் திரையில் காட்டிச் சிரித்தார். “என்ன மேடம், ரெண்டு பக்கமும் வுட் போட்டிருக்கீங்க? நீங்களேவா?” சொல்லிக்கொடுத்த தப்பு அவள் விரல்களுக்கே தொற்றிக்கொண்டுவிட்டது. மாற்றல் விஷயமாக என்ன முடிவு செய்திருக்கிறீர்கள் என்றும் கேட்டார். மாத முடிவுக்குள் சொல்கிறேன் என்று மென்று முழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோவில் வந்தான். முகத்தில் கரியும் சிரிப்புமாக இருந்தான். “வாத்தியாரம்மா, உங்க மாணவி எப்படி?”

“பரவாயில்ல.”

“வீட்டுக்கு ஜன்னல் திரை வாங்கிட்டேன். பச்சைக் கலர். அவகிட்ட சொல்லாத. சின்னு, உன்னைத்தான் மலை மாதிரி நம்பியிருக்கேன்.”

அந்தப் பச்சைத் திரை சின்னவளின் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்று இரவே எல்லாவற்றையும் திருத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். அண்ணி கடையிலிருந்து வந்து, சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள். பேச்சு வாக்கில், “கடைக்காரர் எனக்குப் பதிலா ஒரு பொண்ணைப் பாத்து வெச்சுட்டாராம். எப்ப போறே, எப்ப போறேன்னு நச்சரிக்கறார்,” என்றாள்.

உள்ளேயிருந்து அம்மா, “போகத்தானே வேணும். புருஷன் இருக்கற இடத்துலதான பொண்டாட்டி இருக்கணும்,” என்றாள்.

“எங்க அம்மாவும் அதான் கேக்கறாங்க. கீழ் வீட்டு அக்காவும் அதான். உங்கண்ணனும் அதான்.” அண்ணி தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எல்லாருக்கும் நான் எப்ப போறேன்னுதான் தெரியணும்.”

ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டிய இடம் அது. சின்னவளுக்கு அது புரிந்தது, என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை. “சரி, பாடத்தை ஆரம்பிக்கலாமா?” என்றாள். அண்ணி நிமிர்ந்து அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, “இஃப் ஐ வுட் ஹேவ்…” என்று தானாகவே ஆரம்பித்துவிட்டாள். சின்னவள் அன்றும் திருத்தவில்லை.

அன்றைக்குப் படுத்த பிறகு சின்னவள் தனக்குத் தானே ஒரு வழக்கு நடத்திப் பார்த்தாள். மாற்றலுக்காகத்தான் இந்த அழிச்சாட்டியமா? சரி, மாற்றல் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது அண்ணி போகலாமா? போகலாம் என்று மனசு சொல்லவில்லை. எதிர் நாற்காலி காலியாக இருக்கும் மேஜைதான் கண்ணில் வந்து நின்றது. லாரி டிரைவர் கதையை இனி யார் சொல்வார்கள்? அம்மாவின் குத்தலுக்கு அடுப்படியிலிருந்தே யார் கண்ணடிப்பார்கள்? நான்கு வருஷமாக வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் தேடிய முகம் அண்ணியுடையதுதான். ஆக, மாற்றல் ஒரு சாக்கு. இது தெரிந்ததும் நிம்மதி வரும் என்று பார்த்தால், இன்னும் மோசமாகிவிட்டது. சாக்காவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

தேர்வு நாள் வந்தது. சின்னவள் லீவு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினாள். பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். பரீட்சைக்குப் போகிறவள் மாதிரியே இல்லை. சின்னவள்தான் ஒவ்வொரு நிறுத்தத்திலும், அடுத்த நிறுத்தம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

தேர்வு நடக்கும் இடத்தில் நீளமான நடையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆண்களும் பெண்களும் சுவரைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் பிறந்த ஊரைப் பற்றி இறந்தகாலத்தில் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் ஓர் எண்ணைக் கூப்பிட்டார்கள். அண்ணிக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தார்கள். கதவு திறந்தது. ஒரே ஆள் ஆனது.

சின்னவள் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். “அண்ணி, வுட் இல்ல. ஹேட். முதல் பாதியில ஹேட். இஃப் ஐ ஹேட் நோன். யெஸ்டர்டேன்னா ஹேவ் போடாதீங்க. ‘மழை வந்தா’ன்னு சொல்லும்போது ‘வில்’ கிடையாது. நான் சொல்லிக்கொடுத்தது எல்லாம் தப்பு. தெரிஞ்சே சொல்லிக்கொடுத்தேன்.” மூச்சு வாங்கியது. “தெரிஞ்சேதான் அண்ணி.”

அண்ணி கையை உதறவில்லை. “தெரியும்,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“முதல் நாளே தெரியும்.”

கதவு திறந்தது. இந்த முறை கூப்பிட்டது அண்ணியின் எண்ணை. அவள் எழுந்து, புடவையின் மடிப்பை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், நடையின் கோடி வரை போனாள். அங்கே குடிதண்ணீர்க் குழாய் இருந்தது. திருகினாள், மூடினாள். முதல் நாளே தெரியும் என்றால், இத்தனை நாள் எதிரில் உட்கார்ந்து அத்தனை தப்பையும் எழுத்துப் பிசகாமல் சொன்னது எதற்கு? கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறாள். கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று பார்த்தால் பக்கத்தில் தன்னைத் தவிர ஆளில்லை. வெட்கத்தில் காது மடல் சுட்டது.

அண்ணி வெளியே வந்தபோது முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. முடிவு கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்த திரையில் வரும் என்றார்கள். வந்தது. தேர்ச்சி. அண்ணி அதை இரண்டு தரம் படித்தாள், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், “வா, பஸ் போயிடும்,” என்று முன்னால் நடந்தாள்.

நிறுத்தத்தில் இவர்களைத் தவிர யாரும் இல்லை. வெயில் பெஞ்சின் ஒரு பாதியில் விழுந்திருந்தது. நிழலில் இருந்த மறுபாதியில் இரண்டு பேரும் நெருங்கி உட்கார வேண்டியிருந்தது.

“எப்படித் தெரிஞ்சுது?” என்றாள் சின்னவள்.

“லாரி டிரைவர் மாதிரி டக்குனு சொன்னே. எப்பவும் நீ யோசிச்சு, மேல பாத்து, ஒரு உதாரணம் தேடித்தான் சொல்லுவ. அன்னிக்கு நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள சரிதான்னுட்ட. கடையில ஆள் இல்லாத நேரத்துல போன்ல போட்டுப் பாத்தேன். அப்புறம் தினமும் அங்கேயே படிச்சுக்கிட்டேன்.”

“அப்புறம் எதுக்கு அண்ணி வீட்டுல வந்து தப்பாவே சொன்னீங்க? நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அன்னிக்கே…” சொல்லும்போதே சின்னவளுக்கு உறைத்தது. புகார்ப் பிரிவில் எழுதும் அதே வரி. தப்பை எடுத்து எதிராளியின் மடியில் கட்டுகிற வரி. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அண்ணி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “முதல்ல கோபம்தான் வந்துச்சு. இவளுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்னு. மாற்றல் சங்கதியும் தெரியும், உன் ஆபீஸ்ல இருந்து கண்ணாடிக்கு வந்த பொண்ணு சொல்லிட்டா. அதுக்காகத்தான் நீ இப்படிப் பண்றேன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நாள், நான் தப்பாச் சொல்லி முடிச்சதும் உன் மூஞ்சியைப் பாத்தேன். ஜெயிச்சவ மூஞ்சி மாதிரி இல்ல. அப்பதான் தோணுச்சு. எல்லாரும் போ போன்னு பிடிச்சுத் தள்ளிக்கிட்டு இருக்காங்க. இது ஒண்ணுதான் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கு. திருட்டுத்தனமா இழுக்குது, இருந்தாலும் இழுக்குதே.” குரல் கொஞ்சம் உடைந்தது. “அதை நிறுத்த மனசு வரல. அதான் தப்பாவே சொன்னேன்.”

சின்னவளுக்கு அழுகை வந்தது. அதை அடக்கவும் அவள் முயலவில்லை.

“இங்கயே இருங்கன்னு நேராக் கேட்டிருந்தா இருந்திருப்பீங்களா அண்ணி?”

“மாட்டேன்,” என்றாள் அண்ணி. “அவர் கூட இருந்து எத்தனை நாளாச்சு! போகத்தான் போயிருப்பேன். ஆனா சந்தோஷமாப் போயிருப்பேன்.”

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. அண்ணி எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அத்தைகிட்டயாவது நேராக் கேளு, புது ஊருக்கு உன்கூட வர்றாங்களான்னு. யாராவது கேட்டீங்களா? அவங்களும் பாவம் அந்த மூணாவது மாடியிலயே கெடக்கறாங்க.”

“கேக்கல.”

“கேளு.”

பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. அண்ணி ஒரு காலைப் படியில் வைத்தாள். சின்னவள் கீழேயே நின்றாள். அவளுக்குத் தெரிந்த வரியெல்லாம் இருந்திருந்தால், வந்திருந்தால், சொல்லியிருந்தால் என்று சுற்றிக்கொண்டு வருகிறவைதான். ஒன்றையும் எடுக்கவில்லை.

“போகாதீங்க அண்ணி,” என்றாள்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். அண்ணி படியில் ஒரு கால், தரையில் ஒரு காலாகத் திரும்பி, கண்ணில் தண்ணீரோடு அவளைப் பார்த்தாள். வில்லையை மாற்றிப் போட்டுவிட்டு எதிரிலிருப்பவரின் முகத்தைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“இது தெளிவா இருக்கு,” என்றாள். “ஏறு.”